வண்டி நாளில் பிள்ளைகளை யார் பார்ப்பது?

பாபநாசம் வண்டி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் வீரவநல்லூர். திருநெல்வேலி - பாபநாசம் தடத்தில் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிறேன். மகள் ஆறாம் வகுப்பு, பயல் இரண்டாம் வகுப்பு. வீட்டுக்காரி 2023 ஐப்பசியில் தவறிவிட்டாள். அதைப் பற்றி எழுத வரவில்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலைக்குப் போவது பற்றிக் கேட்கத்தான் வந்தேன்.

எங்கள் வண்டியில் ஒரு நாள் வேலை, மறுநாள் ஓய்வு. மாற்றாள் ஒருவர் இருக்கிறார். வண்டி நாள் என்றால் விடியற்காலை மூணே முக்காலுக்கு வீட்டிலிருந்து கிளம்பணும். வண்டி ராத்திரி தங்குவது அம்பாசமுத்திரத்தில். பைக்கில் அங்கே போய் முதல் நடை எடுத்து, நெல்லைக்கும் பாபநாசத்துக்குமாக ஓடி, கடைசி நடை முடிந்து, முதலாளி வீட்டில் கலெக்‌ஷன் கணக்கை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பும்போது மணி பத்தரை தாண்டிவிடும். மறுநாள் முழுக்க வீட்டில்தான். "மாசத்துல பாதி நாளு வீட்டுலதான இருக்கேரு, பொறவு என்ன கவலை உமக்கு" என்று டீக்கடையில் சொல்கிறார்கள். காய்ச்சலும் பல்வலியும் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டமும் ஓய்வு நாள் பார்த்தா வருகின்றன? அதோடு, ஓய்வு நாளில் நான் போடுகிற ஒழுங்கு மறுநாள் விடிவதற்குள் காணாமல் போய்விடும். ஒரு நாள் அப்பா இருக்கிற வீடு, ஒரு நாள் இல்லாத வீடு. பிள்ளைகள் இரண்டுக்கும் தனித்தனிச் சட்டம் வைத்திருக்கின்றன.

இதுவரை அம்மா பார்த்துக்கொண்டாள். பங்குனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து இப்போது கடையத்தில் அக்கா வீட்டில் வாக்கர் பிடித்து நடக்கிறாள். இனி வந்தாலும் அவளைப் பார்க்கவே ஒரு ஆள் வேணும்.

இப்போது ஓடுவது இப்படி. எதிர்வீட்டில் தறி நெய்கிற ஆச்சி ஒருவர் இருக்கிறார். நான் வெளியே பூட்டிவிட்டுச் சாவியை அவர் வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டுப் போவேன். ஐந்தரைக்கு அவர் வந்து திறந்து எழுப்பிவிடுவார். மகள் தம்பியைக் குளிக்க வைத்து, தானும் கிளம்பி, இரண்டும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்கும். நெல்லைக்குப் போகிற எங்கள் நடை எட்டேகால் வாக்கில் ஊரைத் தாண்டும். டிரைவர் அண்ணாச்சி ஒரு நிமிஷம் கூடுதலாகப் போட்டு வைப்பார். அந்த நிமிஷத்துக்குள் பயலின் சட்டைப் பொத்தானைச் சரிபண்ணி, மகளிடம் அம்பையில் வாங்கிய இட்லிப் பொட்டலத்தைக் கொடுத்து, நோட்டில் கையெழுத்து இருந்தால் போட்டு, விசில் ஊத வேண்டும். பின்னால் வருகிற வண்டிக்காரன் டைமிங் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பான். பயலுக்கு அரசுப் பள்ளியிலேயே காலைச் சாப்பாடு உண்டு, புதன்கிழமை பொங்கல் என்றால் கூப்பிடாமலே எழும்பிவிடுவான். மகள் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டதால் அவளுக்கு அது கிடையாது. பொட்டலம் அவளுக்காக.

சாயங்காலம்தான் மோசம். நாலரைக்கு வீட்டுக்கு வந்தால் நான் வரும்வரை இரண்டும் தனியாக. மகள் சோறு பொங்கப் பழகிவிட்டாள். ரசம் வைக்கிறாள். ஊரில் எல்லாரும் பாராட்டுகிறார்கள், "உம்ம பொண்ணு அப்படியே அவங்கம்மை மாதிரி" என்று. எனக்கு அது பிடிக்கவில்லை. பதினொரு வயசுப் பிள்ளை "பல்லு தேச்சியால? வீட்டுப்பாடம் எழுதுனியால?" என்று தம்பியை அதட்டிவிட்டு, என்னைப் பார்த்து "நீ போய்ப் படுப்பா" என்கிறது. கணக்கில் மார்க் இறங்கியிருக்கிறது. டீச்சர் "கிளாஸ்ல தூங்குதா" என்றார்.

ஒன்று சொல்லணும். என் கடைசி நடையில் ஏறுகிறவர்களில் நிறையப் பேர் வண்ணார்பேட்டை, டவுன் பக்கம் துணிக்கடை, நகைக்கடையில் நிற்கிற பெண்கள். உட்கார இடம் கிடைத்ததும் போனை எடுப்பார்கள். "சோறு போட்டியா, தம்பி தூங்கிட்டானா, கதவத் தாழ்ப்பாப் போடு, நான் பத்தமடை தாண்டிட்டேன்." முன்னெல்லாம் இதைக் கேட்டுக்கொண்டே டிக்கெட் கிழிப்பேன், ஒன்றும் தோன்றாது. இப்போது அவர்கள் முடித்ததும் நானும் ஒரு போன் போடுகிறேன்.

கேட்க வந்தது இதுதான். காலையும் சாயங்காலமும் இருக்கிற இந்த ஓட்டையை எப்படி அடைப்பது? ஆச்சி நல்ல மனுஷி. ஆனால் முன்பு தானாக வருவார், இப்போது சில நாள் மகள் உள்ளே இருந்து ஜன்னல் வழியாகக் கூப்பிட வேண்டியிருக்கிறது. சலித்துவிட்டாரோ என்று பயம். அடுத்து, மகள் பெரியவளாகிற வயசு. அந்தப் பேச்சை யார் பேசுவது? மச்சினன் வீட்டோடு நகை விஷயத்தில் மனஸ்தாபம், போக்குவரத்து இல்லை. இன்னொன்று, சொந்தக்காரர் ஒருவர் "ஹோம்ல விட்டுரும், மூணு நேரம் சாப்பாடு, படிப்பு எல்லாம் ஃப்ரீ" என்கிறார். பணம் என்று பார்த்தால் வண்டி நாளுக்கு படியோடு சேர்த்து 900 ரூபாய் நிற்கும். வீட்டுக்காரி பீடி சுற்றினாள், அவள் பி.எஃப். பணம் வந்தது, ஆஸ்பத்திரிக் கடனுக்குப் போயிற்று.

இரண்டாம் கல்யாணம் பற்றி மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதை நேரிலேயே போதுமான அளவு கேட்டாகிவிட்டது.

முக்கூடல் பீடிக்காரி எழுதியது:

தம்பி, உங்களுக்குக் கேள்வி மூணு. நான் அந்த ஆச்சியில் இருந்து தொடங்குகிறேன்.

அவருக்குக் காசு கொடுக்கிறீர்களா? எழுதவில்லை, அதனால் கொடுக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். கொடுங்கள். தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பதைச் சொல்லவில்லை. மாதம் இவ்வளவு என்று பேசி, ஒன்றாம் தேதி கையில் கொடுங்கள். அவர் "சீ, இதுக்குப் போயி காசா" என்பார். விடாதீர்கள். சும்மா செய்கிற உதவிக்கு மூன்று மாதம்தான் ஆயுசு. அப்புறம் செய்கிறவர்களுக்கும் சலிப்பு, வாங்குகிறவர்களுக்கும் கூச்சம். ஒரு நாள் வராவிட்டால் "ஏன் வரல" என்று கேட்க உங்களுக்கு வாய் வராது. சம்பளம் என்றால் கேட்கலாம். அவரும் "எனக்கு நாளைக்கு முடியாது, வேற ஆள் பாருங்க" என்று நேராகச் சொல்வார்.

நான் பம்பாய்க்குப் போய்த் திரும்பாத மனிதரைக் கட்டியவள். இரண்டு பிள்ளைகள். மடியில் சுளகை வைத்து ஆயிரம் பீடி சுற்றினால்தான் அன்றைக்குக் கூலி. வீட்டில் இருந்து பார்க்கிற வேலைதானே, பிள்ளை கண் முன்னாலேயே இருக்குமே என்பார்கள். இலை வெட்டும்போது கத்திரி கையில் இருக்கும், தூளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தவழுகிற பிள்ளையை எங்கே விடுவது? கொஞ்சம் கவனம் போனால் கடையில் கழிவு போட்டுத் தள்ளிவிடுவார்கள், அன்றைய கூலியில் பிடிப்பு. எங்கள் தெருவில் நாலு பேர் ஒரே திண்ணையில் உட்கார்ந்து சுற்றுவோம். சாயங்காலம் மூணு பேர் சுற்ற, ஒருத்தி பிள்ளைகளைப் பார்ப்பாள். அவள் பங்குக்கு மற்றவர்கள் ஆளுக்கு நூறு பீடி சுற்றிக் கொடுத்துவிடுவோம். வருஷக்கணக்கில் ஓடியது. சண்டை வந்தது பீடியின் நீளத்துக்காக, பிள்ளைக்காக வந்ததே இல்லை.

இன்னொன்று, மூணே முக்காலுக்குப் பூட்டிவிட்டுப் போகிற வேலை வேண்டாம். தீப்பிடித்தால், பாம்பு வந்தால் பிள்ளை எப்படி வெளியே வரும்? வண்டி நாளுக்கு முந்தின ராத்திரியே இரண்டும் ஆச்சி வீட்டில் படுக்கட்டும். அங்கேயே எழும்பட்டும். அதையும் சேர்த்துச் சம்பளம் பேசுங்கள்.

பி.எஃப். பணம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பென்சன் வருகிறதா? அதைச் சொல்லுங்கள், அப்புறம் விவரம் எழுதுகிறேன்.

பேட்டை ரோடு எழுதியது:

வேண்டாம் என்று சொன்னாலும் எழுதுகிறேன், கோபப்படாதீங்க. வயசு இருக்கு. பிள்ளைகளுக்காகவாவது நல்ல பொண்ணாப் பார்த்துக் கட்டுங்க. எல்லாப் பிரச்சினையும் ஒரே நாளில் தீரும்.

கல்லிடைக்காரன் எழுதியது:

மேலே எழுதியவருக்கு. என்னை வளர்த்தது சின்னம்மைதான். ஒரு குறை சொல்ல முடியாது, அவ்வளவு நல்லவள். ஆனால் அப்பா அவளைக் கட்டியது எங்களைப் பார்த்துக்கொள்ள என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எங்களுக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் அவள் சாப்பிட உட்காருவாள், கடைசிவரை. அப்பாவோடு அவள் சிரித்துப் பேசி நான் பார்த்த ஞாபகம் இல்லை. பிள்ளை பார்க்க ஆள் வேண்டுமானால் சம்பளத்துக்கு வைக்கட்டும். தனக்குத் துணை வேண்டுமென்று தோன்றினால் அன்றைக்குக் கல்யாணம் பண்ணட்டும். கண்டக்டர் அண்ணாச்சி அதை வேண்டாம் என்று சொல்லும்போது விட்டுவிடலாமே.

அம்பை பழைய டீச்சர் எழுதியது:

தம்பிக்கு, நான் நடுநிலைப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஹோம் விஷயம் முதலில்.

பிள்ளைகளை யாரோ ஒருவர் சொன்ன இடத்தில் கொண்டுபோய் விடுவது சட்டப்படியே முடியாத காரியம். 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகள் இல்லம் எதுவானாலும் பதிவு செய்திருக்க வேண்டும். பிள்ளையை அங்கே சேர்க்க மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு வேண்டும். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. நேரே வாருங்கள், எந்தக் காகிதமும் வேண்டாம் என்று ஒரு இடம் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அரசு மாணவியர் விடுதி வேறு, அது படிப்புக்காக. மகள் ஒன்பதாம் வகுப்பில் தானாகக் கேட்டால் யோசிக்கலாம். இப்போது தாயை இழந்த பிள்ளையைத் தகப்பனிடமிருந்தும் தம்பியிடமிருந்தும் பிரிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

உதவித்தொகை பற்றி இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். மிஷன் வாத்சல்யா என்ற திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். கணவரை இழந்த, விவாகரத்தான, கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகளுக்கு அதில் வழி இருக்கிறது. கிராமப்புறத்தில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000-க்குள், மற்ற இடங்களில் 96,000-க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். தம்பி, உங்கள் வருமானம் அந்தக் கோட்டைத் தாண்டுகிறது. மேலும் அதில் தாய் என்று எழுதியிருக்கிற அளவுக்குத் தகப்பன் என்று எழுதவில்லை. மனைவியை இழந்தவன் உடனே கட்டிக்கொள்வான் என்று அரசாங்கமும் பேட்டை ரோடுக்காரர் மாதிரியே நினைத்துவிட்டது போலிருக்கிறது.

காலை உணவு 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் முதல் மாதத்தில் பத்தரை மணிக்கே வாடிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் இட்லிப் பொட்டலம் சரியான ஏற்பாடு.

மகள் விஷயத்தில் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று எழுதியதுதான் எனக்குப் பிடித்தது. வகுப்பில் தூங்குகிற மூத்த பெண்பிள்ளைகளை முப்பது வருஷம் பார்த்தேன். ஒருத்தியின் வீட்டில் அம்மா இல்லை, ஒருத்தியின் அம்மா தோட்ட வேலைக்குப் போனவள், ஒருத்தியின் அம்மா படுக்கையில். எல்லாரும் அவர்களைக் கெட்டிக்காரி என்றார்கள். பத்தாம் வகுப்பு வந்தபோது அதே கெட்டிக்காரிகள் பலரும் வரவில்லை. சோறு பொங்குவதை நிறுத்தச் சொல்லவில்லை, அது தெரிந்திருக்கட்டும். வண்டி நாளில் சாயங்காலச் சாப்பாடு மட்டும் அவள் கையில் இருக்கக் கூடாது. முந்தின நாள் நீங்கள் ஓய்வில்தானே இருக்கிறீர்கள்? புளிக்குழம்பு வைத்தால் மறுநாள் ராத்திரிவரை நிற்கும், இன்னும் ருசிக்கும். சோறு ஆச்சி வீட்டில் வாங்கிக்கொள்ளட்டும். தம்பியை அதட்டுகிற வேலையையும் எடுத்துவிடுங்கள். "தம்பி எழுதலன்னா நான் வந்து பார்த்துக்கிடுதேன், நீ கேட்காண்டாம்" என்று இரண்டு பேரும் இருக்கும்போது சொல்லுங்கள். முதலில் அவளுக்குக் கோபம் வரும். பதவி போகிறதல்லவா.

வகுப்பு டீச்சரிடம் வண்டி நாள் எது, ஓய்வு நாள் எது என்று ஒரு காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுங்கள். கூட்டம் வைக்கும்போது பார்த்து வைப்பார்கள். நாங்கள் கேட்டால் செய்வோம், கேட்கிறவர்கள் குறைவு.

தென்காசி ரூட் எழுதியது:

நானும் வண்டிக்காரன்தான், டிரைவர். அண்ணாச்சி, நாளைப் பிரிக்காமல் பொழுதைப் பிரித்துப் பாருங்கள். எங்கள் வண்டியில் மதியம் ஒன்றரைக்கு ஆள் மாறுவோம். காலை ஒருத்தர், சாயங்காலம் ஒருத்தர், தினமும். கண்டக்டருக்குக் கணக்கு இரண்டாகப் பிரியும், டிக்கெட் மிஷினில் ஷிப்ட் முடித்து ரிப்போர்ட் எடுத்துக்கொண்டால் தகராறு வராது. உங்கள் வண்டி வீரவநல்லூர் வழியாகத்தானே போகிறது, மாறுகிற இடம் உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டாகவே இருக்கட்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். மாற்றாள் சம்மதிக்கணும், அவ்வளவுதான். முதலாளிக்குக் கலெக்‌ஷன் குறையாத வரை ஒன்றும் சொல்ல மாட்டார்.

ரயில்வே காலனி எழுதியது:

நானும் மனைவியை இழந்தவன், ஒரு பையன். மத்திய அரசு வேலை என்பதால் எனக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. பெண்களுக்கு மட்டும் இருந்ததை 2018 கடைசியில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கும் கொடுத்தார்கள். பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள், முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், மீதிக்கு 80 சதவீதம், பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை. பையனுக்கு அம்மை போட்டபோது நிம்மதியாக வீட்டில் இருந்தேன். உங்களுக்கு ஒரு நாள்கூட இல்லை என்பதைப் படிக்கும்போது சங்கடமாக இருக்கிறது. மத்திய அரசு வேலையில் இருக்கும் ஆண்கள் யாராவது இதைப் படித்தால், கேட்டு வாங்குங்கள். ஆபீஸில் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

சேரன்மகாதேவி சிஸ்டர் எழுதியது:

அண்ணாச்சி, நான் கிராம சுகாதார செவிலியர். கணவரைப் பிரிந்து மகனோடு இருக்கிறேன். மகனுக்கு எட்டாம் வகுப்பில் குரல் உடைந்து மீசை அரும்பியபோது எல்லாரும் என் தம்பியிடம் பேசச் சொன்னார்கள். தம்பிக்கு வெட்கம் வந்து ஓடிவிட்டான். நானேதான் பேசினேன், பாத்திரம் தேய்த்துக்கொண்டே. முகத்துக்கு முகம் உட்கார்ந்து பேசினால் இரண்டு பேருக்கும் கஷ்டம், கை வேலையாக இருக்கும்போது சுலபம்.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில், நீங்களே பேசுங்கள். விவரத்தை ஒரு பெண் சொல்லட்டும், உங்கள் அக்காவோ, உங்கள் ஊர் சிஸ்டரோ. ஆனால் அப்பாவுக்கு இது தெரியும், அப்பாவிடம் சொன்னால் தப்பில்லை என்பது உங்கள் வாயால் வர வேண்டும். "வயசுக்கு வரும்போது ரத்தம் வரும், அது நோயில்லை, பயப்படாத, நான் வண்டியில இருந்தாலும் போன் பண்ணு" என்றால் போதும். நீண்ட பிரசங்கம் வேண்டாம். வண்டி நாளில் பள்ளிக்கூடத்தில் வைத்து நடந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரிந்திருக்கணும். புத்தகப் பையின் உள் அறையில் நாப்கினும் ஒரு மாற்று உள்ளாடையும் இப்போதே வைத்துவிடுங்கள். புதுயுகம் திட்டத்தில் 10 முதல் 19 வயதுவரை உள்ள பெண்பிள்ளைகளுக்கு நாப்கின் இலவசம். உங்கள் பகுதி சிஸ்டரையோ அங்கன்வாடியையோ கேளுங்கள். அவள் கூச்சப்பட்டால் நீங்கள் போய் வாங்குங்கள். எங்கள் சென்டருக்கு ஒரு அப்பா வருகிறார், மாத்திரை வாங்குகிற மாதிரி வாங்கிவிட்டுப் போகிறார்.

உளுந்தங்களி கிண்ட ஆள் இல்லையே என்று கவலை வேண்டாம். உளுந்தும் பச்சரிசியும் வறுத்துத் திரித்து வைத்துக்கொள்ளுங்கள், கருப்பட்டிப் பாகில் நல்லெண்ணெய் விட்டுக் கிண்டுவதுதான். கை வலிக்கும், வேறு கஷ்டம் இல்லை. பந்தல் போட்டு சடங்கு வைப்பதா என்பதை அவளிடம் கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம். தாய்மாமன் விஷயத்தில் நகைக் கணக்கு உங்கள் இருவருக்குள் இருக்கட்டும், அவளை அவர் வீட்டோடு பேச விடுங்கள். அம்மாவைப் பற்றிக் கேட்க அவளுக்கு அங்கேதான் ஆள் இருக்கிறது.

இரண்டு பிள்ளைகளுக்கும் 1098 நம்பரை மனப்பாடமாக்குங்கள். குழந்தைகளுக்கான உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள்.

பாபநாசம் வண்டி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஆச்சியிடம் பேசினேன். அக்கா சொன்ன மாதிரியே "எனக்கு எதுக்குய்யா காசு" என்றார். விடவில்லை. மாதம் 2,500 என்று பேசியாகிவிட்டது. முந்தின ராத்திரியே பிள்ளைகள் அங்கே படுக்கின்றன. காசு வாங்கத் தொடங்கியதும் ஆச்சி மாறிவிட்டார். முன்பு பயல் சாப்பிடாவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார், இப்போது அதட்டுகிறார். "காலைல தறிச் சத்தத்துல தூங்க முடியலப்பா" என்று பயல் புகார் சொன்னான். அதுதான் அலாரம் என்று சொல்லிவிட்டேன்.

ஷிப்ட் பிரிக்கிற யோசனைக்கு மாற்றாள் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு விக்கிரமசிங்கபுரம் பக்கம் வயல் இருக்கிறது, முழு நாள் ஓய்வு இருந்தால்தான் தண்ணீர் பாய்ச்ச முடியும். நியாயம்தான். ஆனால் என் வண்டி நாளில் கடைசி நடையை மட்டும் அவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பதிலுக்கு அவர் முறையில் வருகிற திருவிழா நாள்களை நான் ஓட்டணும். ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அவர் லேசான ஆள் இல்லை என்று. வீட்டுக்காரிக்குத் திதி கொடுக்க வேண்டிய நாளில் ஊரார் எல்லாரையும் அதற்காக ஏற்றிக்கொண்டு போகணும். பரவாயில்லை. பாபநாசத்தில் வண்டி திரும்புகிற இடைவேளையில் ஒரு முழுக்குப் போட்டுவிடலாம். இப்போது எட்டரைக்கெல்லாம் வீட்டில் இருக்கிறேன். பிள்ளைகள் விழித்திருக்கும்போது வருகிறேன்.

மகளிடம் பேசினேன், துணி மடித்துக்கொண்டே. "எனக்குத் தெரியும்ப்பா, ஸ்கூல்ல சொல்லிட்டாங்க" என்றாள். நான் இரண்டு நாளாக மனதில் ஒத்திகை பார்த்தது பாதியிலேயே நின்றது. பையில் எல்லாம் வைத்தாகிவிட்டது. மாமா வீட்டுக்கு போன் போட்டுக் கொடுத்தேன், அரைமணி நேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. தம்பியை அதட்டுவதை மட்டும் இன்னும் விடவில்லை. டீச்சரம்மா சொன்னது சரி, பதவியை விட மனமில்லை.

முக்கூடல் அக்கா கேட்ட பென்சன் எதுவும் வரவில்லை. பி.எஃப். பணம் மட்டும் ஒரு தடவை வந்தது. பென்சன் உண்டு என்று யாரும் சொல்லவில்லை. அவள் கடைசி மாதம்வரை பீடி கொடுத்துக்கொண்டிருந்தாள், பி.எஃப். பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

முக்கூடல் பீடிக்காரி எழுதியது:

நினைத்தேன். எங்கள் தெருவிலும் இப்படி இரண்டு வீடு உண்டு.

பி.எஃப். செத்துப்போனவருடைய சேமிப்பு. அதோடு பென்சனும் இன்சூரன்ஸும் தனித்தனியாக உண்டு. பென்சன் 1995-ஆம் வருஷத்துத் திட்டம். வேலையில் இருக்கும்போது இறந்தால், ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தால்கூட வீட்டுக்காரருக்குக் குடும்பப் பென்சன் வரும். மனைவி இறந்தால் புருஷனுக்கும் உண்டு, ஆம்பளைக்குக் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறைந்தது மாதம் 1,000 ரூபாய். அதுபோக இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்குக் குறைந்தது 250, அவர்களுக்கு 25 வயது ஆகும்வரை. நீங்கள் மறுமணம் செய்தால் உங்கள் பங்கு நிற்கும், பிள்ளைகளுடையது நிற்காது. பேட்டை ரோடு தம்பி கவனிக்க.

இன்சூரன்ஸ்தான் பெரிய தொகை. இறப்பதற்கு முன் ஒரு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்திருந்தால் குறைந்தது 2,50,000 ரூபாய். வீட்டுக்காரி கடைசிவரை பீடி கொடுத்தாள் என்கிறீர்கள், அப்படியானால் கட்டாயம் கேளுங்கள்.

படிவம் 20 பி.எஃப். பணத்துக்கு, 10டி பென்சனுக்கு, 5ஐ.எஃப். இன்சூரன்ஸுக்கு. நீங்கள் முதலாவதை மட்டும் கொடுத்திருப்பீர்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், எல்லாருடைய ஆதார், வங்கிப் பாஸ்புக், அவளுடைய பி.எஃப். எண் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் பீடி போட்ட கடையில் கையெழுத்து கேட்பார்கள், அதை முதலில் முடியுங்கள். கடைக்காரர் நாளைக்கு வா என்றால் திண்ணையில் உட்கார்ந்துகொள்ளுங்கள், போகாதீர்கள். திருநெல்வேலியில் பி.எஃப். மண்டல அலுவலகம் இருக்கிறது. மாதா மாதம் 27-ஆம் தேதி குறை கேட்கும் முகாம் நடத்துகிறார்கள், அன்றைக்கு விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில். பேச வாய்ப்பு கிடைக்கும்.

வருகிற 27 உங்களுக்கு வண்டி நாளா ஓய்வு நாளா என்று இப்போதே எண்ணிப் பாருங்கள். வண்டி நாள் என்றால் அந்த மாற்றாளிடம் இன்றைக்கே சொல்லி வைத்துவிடுங்கள்.